விளக்கெரியாத நாட்டுக்கு வந்த கப்பல்கள்

கப்பல்கள் பாய்விரித்து ஓடிய காலத்தில் கருவூற்று என்றொரு நாடு இருந்தது. அதை மணிமார்பன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அங்கே பாறைக்கடியிலிருந்து கறுப்பு எண்ணெய் ஊறும். அதை வாங்க எங்கெங்கிருந்தோ கப்பல்கள் வரும்.

ராஜாவோ நினைத்த நேரத்தில் நினைத்த சட்டம் போடுகிறவன். ஒருமுறை தன் வெள்ளை மாடத்தில் புகைக்கரி படிந்துவிட்டது என்று, எந்த வீட்டிலும் எண்ணெய் விளக்கு ஏற்றக் கூடாது என்று பறையறைந்தான். எண்ணெய் நாட்டு ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்து சோறு தின்றார்கள். இன்னொரு நாள் பவளத்தீவுத் தூதன் சபையில் தும்மினான். அந்தத் தீவுக்கு எண்ணெய் விற்பதையே ராஜா நிறுத்திவிட்டான்.

அதுதான் வினையாயிற்று. ஒரு காலையில் துறைமுகத்துக்கு வெளியே பவளத்தீவின் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. தும்மிய அதே தூதன் சபைக்குள் வந்தான்.

"மன்னரே, உங்கள் குடிமக்கள் படும் துன்பம் எங்கள் சக்கரவர்த்தியைத் தூங்கவிடவில்லை. அவர்களை விடுவிக்க வந்திருக்கிறோம். நாளை புது ராஜாவுக்கு முடிசூட்டுவோம். ஆள் தயார்."

"யாரவன்?"

"நாளைக்குத் தெரியும். இந்தச் சபையில்தான் இருக்கிறார்."

தூதன் போனபின் ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிம்மாசனத்தில் உட்காருவான், எழுவான். சாளரத்துக்குப் போய்க் கப்பல்களைப் பார்ப்பான். திரும்பிவந்து சபையில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். சபையோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம் படை என்ன ஆயிற்று?"

"அரசே, கடலில் இறக்க நம்மிடம் மீன்பிடிப் படகுகள்தான் இருக்கின்றன," என்றார் அமைச்சர் கூத்தபிரான்.

"என் ஜனங்கள்? அவர்கள் திரண்டு வரவில்லையா?"

"கடைவீதியில் கருவாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்."

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. கருவூலத் தலைவர் சேந்தனார் சிரித்தார். எண்ணெய் வாடையே ஆகாத மனிதர். சந்தனத்தில் நனைத்த துணியை எந்நேரமும் மூக்கில் வைத்திருப்பார். ராஜா தன்னைவிட அமைச்சரிடம் அதிகம் யோசனை கேட்கிறானே என்ற புகைச்சல் வேறு.

"எல்லாவற்றுக்கும் வழி சொல்லும் கூத்தபிரானுக்கு இன்றைக்கு வாய் அடைத்துவிட்டதோ?"

"யோசிக்கிறேன் ஐயா. இந்தச் சபையில் உம்மைப்போல் நிம்மதியாக இருக்க வேறு யாருக்கும் வரவில்லையே," என்றார் கூத்தபிரான்.

பிறகு நேரே தூதனிடம் போனார். "முடிசூட்டு விழாவை முறையாகச் செய்யுங்கள். எங்கள் வழக்கப்படி புது ராஜா பெரிய ஊற்றில் முதல் குடம் எண்ணெயைத் தன் கையால் மொள்ள வேண்டும். இல்லையென்றால் ஊர் ஒப்புக்கொள்ளாது."

ஊற்று என்றதும் தூதனின் கண் பளிச்சிட்டது. "அங்கேயே வைத்துக்கொள்வோம்!"

மறுநாள் ராஜா, சபையோர், தூதன், அவன் படை எல்லோரும் ஊற்றுமேட்டுக்குப் போனார்கள். போனவர்களில் கூத்தபிரானைத் தவிர யாரும் அதற்குமுன் அங்கே கால் வைத்ததில்லை.

அந்த மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடை முற்றினால் ஊற்றுகளைக் களிமண்ணால் பூசி மூடி, மேலே முள் பரப்பிவிடுவார்கள். ஊற்று தூங்குகிறது என்பார்கள். மழை வரும்வரை எண்ணெய் என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அது பூமிக்குள் ஓடிவிடுமாம். யார் கேட்டாலும் கையை விரித்துவிடுவார்கள்.

அப்போது உச்சிக் கோடை. வெடித்துக் கிடந்த களிமண்ணையும் முள்ளையும் தூதன் பார்த்தான். அங்கிருந்த ஒரு பெண்ணிடம், "அம்மா, எண்ணெய் எங்கே?" என்றான். அவள் பதறி, ஒரு கையால் வாயைப் பொத்தி, மறுகையை விரித்தாள். அடுத்த ஆளைக் கேட்டான். அவனும் கையை விரித்தான். மேட்டு ஜனம் மொத்தமும் கையை விரித்தது.

"ஐயோ, என் எண்ணெய் வற்றிப்போயிற்றே!" என்று ராஜா தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நிஜமான அழுகை. அதைப் பார்த்ததும் தூதனுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று.

"யோவ் சேந்தனாரே!" என்று கத்தினான். "ஊற்று பொங்கி வழிகிறது, முடியைக் கொடுத்தால் எல்லாம் எங்களுக்குத்தான் என்றீரே! இந்தக் களிமண்ணுக்கா இத்தனை கப்பல் கொண்டுவந்தேன்? கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னீரா?"

சேந்தனாரின் மூக்குத்துணி கீழே விழுந்தது. "பார்க்கவில்லை... வாடை அடிக்குமே என்று..."

கூத்தபிரான் பணிவாக முன்னே வந்தார். "தூதரே, எண்ணெயைப் பற்றி இப்போது என்ன பேச்சு? குடிமக்களை விடுவிக்கத்தானே வந்தீர்கள்? இதோ நிற்கிறார்கள். கோடையில் நெல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. எப்போது ஆரம்பிக்கிறீர்கள்?"

"அடுத்த நாட்டு விவகாரத்தில் தலையிடுவது எங்கள் சக்கரவர்த்தியின் பழக்கமல்ல," என்றான் தூதன். பொழுது சாய்வதற்குள் கப்பல்கள் பாயை விரித்துவிட்டன.

மழை வந்தது. ஊற்றுகள் விழித்தன. எண்ணெய் பொங்கியதைக் கண்ட ராஜா முதலில் துள்ளினான், பிறகு வெட்கப்பட்டான்.

"எனக்குக்கூட நீர் சொல்லவில்லையே?"

"சொல்லியிருந்தால் அப்படி அழுதிருப்பீர்களா, அரசே?"

"போகட்டும். என்ன வேண்டும், கேளும்."

"ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு."

"பைத்தியமா உமக்கு? வெளிச்சம் கடலுக்குத் தெரியும். எண்ணெய் இருக்கிறதென்று திரும்பி வந்துவிடுவார்கள்!"

"இருட்டாக இருந்தாலும் என்றைக்காவது வருவார்கள். போனமுறை ஜனங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே? எந்த ராஜா இருந்தாலும் இருட்டுதானே என்று இருந்துவிட்டார்கள்."

ராஜா விளக்குத் தடையை நீக்கினான். பிறகு சேந்தனாரைக் கூப்பிட்டு, வீடுவீடாக எண்ணெய் ஊற்றும் வேலையைக் கொடுத்தான். குடத்தைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் மூக்கைப் பொத்த அவருக்குக் கை மிஞ்சவில்லை.

ஊர் வெளிச்சமானது. சில நாள் கழித்து, ஒரு மாலையில், கடல் விளிம்பில் ஒரு பாய் தெரிந்தது. ராஜா சாளரத்துக்கு ஓடிக் கீழே பார்த்தான். கடைவீதி காலியாகக் கிடந்தது. யாரும் கூப்பிடாமலே ஊர் முழுக்கக் கையில் விளக்கோடு கரையில் வந்து நின்றிருந்தது.