மஞ்சள் பூசிய எலி மாப்பிள்ளை

ஒரு காட்டில் என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை, குழந்தைகளே. என்ன செய்வது, இந்த எலி காட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நகரத்தில், ஓர் இட்லிக் கடைச் சாக்கடையில் பிறந்து வளர்ந்தது.

கடைக்காரி தெய்வானையின் மகளுக்கு எட்டு நாளாய்க் காய்ச்சல். "இது ஏதோ பிராணியிடமிருந்து தொற்றிய வைரஸ்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிராணி என்றதும் தெய்வானைக்குக் கடைப் பூனைதான் ஞாபகம் வந்தது. மாலையில் சாக்கோடு வந்து அதைப் பிடித்துப் போகும்படி ஓர் ஆளிடம் சொல்லியும் விட்டாள். ஒரு பாவமும் அறியாத பூனை!

தெய்வானை மகளோடு மருத்துவமனைக்குப் போயிருந்ததால் பகலில் கடை சாத்தியிருந்தது. எலி வளையிலிருந்து தலையை நீட்டிச் சிரித்தது.

"அரிசியில் புழங்குவது நீ, பழி எனக்கா?" என்று கேட்டது பூனை.

"என்னைப் பார். இருமல் உண்டா, தும்மல் உண்டா? நோயாளி இப்படியா துள்ளுவான்?" என்று மீசையைத் தடவிக்கொண்டது எலி. தற்பெருமை என்றால் அப்படியொரு தற்பெருமை.

பூனை யோசித்தது. அலமாரியில் ஏறி மஞ்சள்தூள் டப்பாவை உருட்டிவிட்டது. தூள் வளை வாசலெங்கும் கொட்டியது.

"இவ்வளவு அழகனுக்கு நலங்கு வைக்க ஆளில்லையே, மாப்பிள்ளை" என்றது.

எலிக்குத் தலைகால் புரியவில்லை. மஞ்சளில் ஆசைதீரப் புரண்டது. பிறகு வழக்கம்போலச் சுற்றப் புறப்பட்டது. பூனை துரத்தவே இல்லை.

நாலு மணிக்குத் தெய்வானை கதவைத் திறந்தாள். அரிசி மூட்டைமேல் மஞ்சள் கால்தடம். மாவுப் பாத்திர விளிம்பில், டம்ளர்களில், கடையின் பின்னறையில் மகள் படுக்கும் தலையணையில்கூடக் குட்டிக் குட்டித் தடங்கள். எல்லாம் சாக்கடை வளையில் போய் முடிந்தன. பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அப்புறம் சும்மா இருப்பாளா? பிளீச்சிங் பவுடர் போட்டுக் கடையையே கழுவினாள். புது அரிசி வாங்கித் தகர டின்னில் போட்டு மூடினாள். வளையைச் சிமெண்ட் பூசி அடைத்தாள். சாக்கோடு வந்த ஆளிடம், எலி புழங்கிய பழைய அரிசியை அந்தச் சாக்கிலேயே அள்ளிப்போய்ப் புதைக்கச் சொன்னாள்.

மகளும் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து, இட்லி கேட்டுச் சண்டை போட்டாள்.

தின்ன ஒரு பருக்கை கிடைக்காமல் எலி தெருவைத் தாண்டி ஓடியது. மஞ்சள் இன்னும் போகவில்லை. மீன் தலையைக் கடித்துக்கொண்டே பூனை கூப்பிட்டது:

"மாப்பிள்ளை, ஊர்வலம் ஜோர்!"

நீதி: தனக்கு நோய் இல்லை என்பதாலேயே, தன்னால் பிறருக்கு நோய் வராது என்று எண்ணிவிடக் கூடாது.