ராஜா எண்ணிய புகை

வெகு காலத்துக்கு முன்னால் வெண்கூடல் நாட்டை வளவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். மாடியைவிட்டு இறங்க மாட்டான், அது ஒன்றுதான் குறை. விடிந்ததும் உப்பரிகையில் நின்று ஊர்க் கூரைகளைப் பார்ப்பான். கூரையில் புகை வந்தால் உள்ளே உலை கொதிக்கிறது. உலை கொதித்தால் குடிகளுக்கு வயிறு நிறைகிறது. அவன் படித்த ராஜநீதி அவ்வளவுதான்.

விறகு மந்திரி தாண்டவராயர் ராஜாவைக் குளிர்விக்க ஒரு வழி கண்டுபிடித்தார். “இனி வீட்டுக்கு வீடு ஈர விறகுதான். அடுப்பு வீட்டுக்குள்ளேதான் எரிய வேண்டும். இரண்டு வேளையும் கூரைமேல் புகை தெரியாவிட்டால் சேவகன் வருவான்” என்று உத்தரவு போட்டார். மறுநாள் ஊரே புகை மப்பு மூடிக் கிடந்தது.

“என் குடிகள் என்னமாய்ச் சாப்பிடுகிறார்கள் பாரும்!” என்று பூரித்துப்போன ராஜா, தாண்டவராயருக்கு ஒரு முத்துமாலை போட்டான்.

கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று மாடியிலிருந்து தெரியுமா? குயவர் தெருச் சடைச்சிக்கு நான்கு வயதில் ஒரு மகள், வண்ணக்கிளி. அந்தப் பிள்ளையால் தன் பெயரைக்கூட ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. பாதியில் இருமல் வந்துவிடும், நெஞ்சு இழுக்கும். பெற்றவள் நேரே அரண்மனைக்குப் போனாள்.

வாசலிலேயே தாண்டவராயர் மறித்தார். “புகை கெடுதலா? தலைக்கு ஊற்றினால் பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுகிறாயே, அது என்னவாம்?”

“காட்டிட்டு எடுத்துடுவோம் சாமி. அதுக்குள்ளேயே தொட்டில் கட்ட மாட்டோம்” என்றாள் சடைச்சி.

அவர் முகம் சுண்டியது. அவளைத் துரத்திவிட்டார்.

அந்த வாரமே ராஜா பறையறைவித்தான்: “என் பிறந்தநாளன்று எந்த வீட்டில் புகை அதிகமோ, அந்த வீட்டில் சாப்பிடுவேன்.” சடைச்சி இதற்குத்தான் காத்திருந்தாள். அன்று பிள்ளையைக் கொல்லை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, வீட்டு அடுப்பில் ஈர மட்டையும் பச்சைத் தழையும் திணித்து மூட்டினாள். ஊரிலேயே பெரிய புகை அவள் வீட்டுக் கூரையில்தான்.

தாண்டவராயரையும் கூட்டிக்கொண்டு நாக்கில் நீர் ஊற வந்த ராஜா, குனிந்து உள்ளே நுழைந்தான். கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது, கிரீடம் சரிகிற அளவுக்கு இருமினான். தட்டுத்தடுமாறி அடுப்புப் பானையைத் திறந்தால் உள்ளே வெறும் தண்ணீர்.

“சோறு எங்கே பெண்ணே?”

“இது நீங்க மாடியில நின்னு பார்க்குறதுக்கு மூட்டின அடுப்பு மகாராசா. சாப்பிடுறதுக்கு மூட்டினது பின்னாடி இருக்கு.”

கொல்லையில் இடுப்புயர மண் அடுப்பு. காய்ந்த சுள்ளி கணகணவென்று எரிந்தது. அடிப்பக்கம் உடைத்தெடுத்த பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவள் குழாய் கட்டியிருந்தாள். இருந்த கொஞ்சப் புகையும் அதன் வழியாகத் தலைக்கு மேலே போய்விட்டது. பக்கத்தில் சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை.

ராஜா உட்கார்ந்து இலையில் கை வைத்தான். எதிரே நின்ற பிள்ளையிடம், “உன் பேர் என்ன?” என்று கேட்டான்.

“வண்ண…” இருமல். “வண்ணக்…” மறுபடி இருமல். மூன்றாம் முறை சொல்ல முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

ராஜா எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தான். “தினமும் இதைத்தானா நான் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்?” வெட்கத்தில் அவனுக்குத் தலை நிமிரவில்லை. “இனி எதை எண்ணட்டும், நீயே சொல் அம்மா.”

“விடியக்காலையில தெருவுக்கு இறங்கி வாங்க சாமி. எத்தனை பிள்ளைங்க இருமுதுன்னு காதால எண்ணுங்க.”

ஈர விறகு உத்தரவையும், அரண்மனை வாசலில் மந்திரி சொன்னதையும் சடைச்சி சொன்னாள். உத்தரவு அங்கேயே ரத்தானது. ராஜா தாண்டவராயர் பக்கம் திரும்பினான். “புகை நல்லது என்றீராமே? உள்ளே போய் அந்த அடுப்பில் ஒரு படி பால் பொங்கும்வரை ஊதும்.” அவர் வெளியே வந்தபோது முத்துமாலை எது, முகம் எது என்று தெரியவில்லை. அடுப்பு அதிகாரி வேலை சடைச்சிக்குப் போனது. வீடு வீடாக அவள் அடுப்பு கட்ட, மண் சுமந்து கொடுத்தவர் தாண்டவராயர்.

ராஜாவும் அவள் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. தினமும் தெருத்தெருவாக நின்று காது கொடுத்தான். ஒரு வருஷம் கழித்து ஒருநாள் காலை, சடைச்சி வீட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே இருமலே இல்லை. திடீரென்று ஒரு குரல் கணீரென்று கேட்டது:

“அம்மா, யாரோ திருடன் நம்ம வீட்டுச் சுவத்துல ஒட்டுக் கேக்குறான், வண்ணக்கிளி நான் பார்த்துட்டேன், தடியை எடுத்துட்டு ஓடியா!”

மூச்சு வாங்காமல் ஒரே வீச்சில் சொல்லி முடித்தாள். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தடி வருவதற்குள் ஓட்டம் பிடித்தான்.