கல்லுக்கு முத்தம் கொடுத்த சுண்டைக்குறிச்சி மாப்பிள்ளை

சுண்டைக்குறிச்சிக்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று பயந்து அதை வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் ஆவுடையப்பனுக்கு ஒரே ஒரு குறை. மனசுக்குள் மளமளவென்று ஓடும் பேச்சு, எதிரே ஒரு மனுஷ முகத்தைப் பார்த்தாலோ, போனில் ஒரு குரலைக் கேட்டாலோ தொண்டையில் நின்றுவிடும். "ஆமா" மட்டும் எப்படியோ தப்பித்து வெளியே வரும். அரிசி ஆலை சொரிமுத்துவின் மகள் மரகதவல்லி மேல் அவனுக்கு உயிர். அவளுக்கும் அப்படித்தான். பெண் கேட்கப் போன இடத்தில் சொரிமுத்து, "என்னடே, பேசாம நிக்கே? எம் மக வேண்டாங்கியா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றான் ஆவுடையப்பன். பாதி குடித்த காப்பியைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மரகதவல்லி அழுது அடம்பிடித்து அப்பாவிடம் இன்னொரு வாய்ப்பு வாங்கினாள். அடுத்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்வார். ஆவுடையப்பன் தானே வாயைத் திறந்து பெண் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அம்பாசமுத்திரத்தில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குத்தான் மரகதவல்லி.

அவன் தங்கை பேச்சியம்மாள் அயர்லாந்தில், கார்க் நகரத்தில் நர்ஸாக இருந்தாள். சேதி கேட்டதும் போன் செய்து, "அண்ணே, இங்க பக்கத்துக் கோட்டையில ஒரு கல்லு இருக்கு. அதுக்கு முத்தம் குடுத்தா பேச்சு அருவியாக் கொட்டும்னு ஐதீகம். கெளம்பி வா" என்றாள். அவனைத் தனியாக அனுப்ப மனசு வராமல் மூன்று சிநேகிதர்கள் கூடவே கிளம்பினார்கள். கோமதிநாயகம் அண்ணாச்சி வயதில் மூத்தவர், அதனால் தலைவர். ஐயம்பெருமாளுக்கு இங்கிலீஷ் தெரியும். பூதத்தானை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எனக்கு டூட்டி இருக்கு. நீங்களே சுத்திப் பாருங்க, நல்லாச் சாப்பிடுங்க, இந்த ஊர்க் கறுப்பு பீரை ருசி பாருங்க" என்றாள், கார்க்கில் வந்து இறங்கியவர்களிடம் பேச்சியம்மாள். "ஒண்ணே ஒண்ணு. இங்க உள்ளவங்க என்ன சொல்லுதாங்களோ அப்படியே செய்யுங்க. சொந்த மூளையை நுழைக்காதிய."

"அந்தப் பழக்கமே எங்களுக்குக் கிடையாதும்மா" என்றார் கோமதிநாயகம்.

சனிக்கிழமை காலை பலகாரக் கடைக்குப் போனார்கள். பொரித்த முட்டை, பன்றி இறைச்சி, பீன்ஸ், காளான், ரொட்டி என்று தட்டு நிறைய வந்தது. தீர்ந்ததும் கடைக்கார அம்மாள் சிரித்த முகத்தோடு மறுபடி ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். தின்றார்கள். மறுபடி வைத்தாள்.

"போதும்னு எப்படி அண்ணாச்சி சொல்லுதது?" என்று மூச்சு வாங்கினான் பூதத்தான்.

"இலையை மூடணும்."

"இது பீங்கான் தட்டுல்லா!"

கோமதிநாயகம் தட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மடித்துப் பார்த்தார். பீங்கான் மசியவில்லை. அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பாவம் இன்னும் பசி போல என்று வெண்ணெயும் சேர்த்துக் கொண்டுவந்தாள். கடைசியில் பூதத்தான் தன் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்ட பிறகுதான் பரிமாறுவது நின்றது.

மத்தியானம் பீர்க் கடை. கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களில் முக்கால் வரை ஊற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கையமர்த்தினார்.

"தெளியுத வரைக்கும் தொடப்படாதாம்" என்றான் ஐயம்பெருமாள்.

நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நுரை மேலே ஏறி நின்றது. கறுப்பு மட்டும் கறுப்பாகவே இருந்தது. கடைக்காரர் மிச்சத்தையும் ஊற்றிவிட்டுக் குடிக்கச் சொன்னார்.

"பாத்தியளா, தெளியுததுக்குள்ள இன்னும் கலக்கிட்டாரு" என்று வருத்தப்பட்டார் கோமதிநாயகம். "வெள்ளம் வந்தா நம்ம தாமிரவருணித் தண்ணிகூடக் குடத்துல ஒரு ராத்திரி வச்சா தெளிஞ்சிருமே."

"தேத்தாங்கொட்டை உரசி விட்டா கலங்கல் அடியில படிஞ்சிரும் அண்ணாச்சி. கொண்டாராம வந்துட்டோம்" என்றான் பூதத்தான்.

பக்கத்து மேஜைக்காரர்கள் குடித்து, பாடி, வீட்டுக்கும் போய்விட்டார்கள். இவர்கள் டம்ளர் தெளியவே இல்லை. தாகத்தோடு எழுந்தார்கள். போகிறபோது ஐயம்பெருமாள் கடைக்காரரிடம் பக்குவமாக, "உங்க கிணத்தைத் தூர் வாருங்க" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வந்தான்.

கெடு வைத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போனார்கள். கல் உச்சியில், சுவருக்கு வெளிப்புறமாக இருந்தது. மல்லாக்கப் படுத்து, தலையைப் பள்ளத்துக்குள் தொங்கவிட்டு, தலைகீழாக முத்தம் கொடுக்க வேண்டும். நால்வரும் செருப்பைக் கழற்றி வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னால் நின்ற வெள்ளைக்காரர்களும் அதுதான் முறை போல என்று பூட்ஸைக் கழற்றினார்கள்.

ஆவுடையப்பன் படுத்தான். அங்கே காவலுக்கு இருந்த பெரியவர் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரில் பதித்திருந்த இரும்புக் கம்பிகளைக் காட்டி ஏதோ சொன்னார்.

"கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிடணுமாம், விடவே கூடாதாம்" என்றான் ஐயம்பெருமாள்.

பிடித்தான். முத்தம் கொடுத்தான். அதோடு சரி, எழுந்திருக்கவில்லை. பெரியவர் தட்டினார், இழுத்தார், கெஞ்சினார்.

"எந்திரிக்கச் சொல்லுதாரு அண்ணாச்சி."

"விடச் சொன்னாரா?"

"அதைச் சொல்லலை."

"பின்னே? விடாம எப்படி எந்திரிப்பான்? ஏல ஆவுடை, சொன்ன சொல்லைக் காப்பாத்து!"

வரிசை கோட்டைப் படியெல்லாம் நீண்டது. அந்த நேரம் பார்த்து கோமதிநாயகத்தின் சட்டைப்பையில் இருந்த ஆவுடையப்பனின் போன் அடித்தது. சொரிமுத்து! அண்ணாச்சி தரையில் கவிழ்ந்து படுத்து, போனை ஆவுடையப்பன் காதில் வைத்தார்.

"என்னடே, இன்னைக்காவது பேசுவியா?"

ஆவுடையப்பன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வானம் கீழே, பூமி மேலே. எதிரே மனுஷ முகம் ஒன்றுகூட இல்லை. உயிர் போகிற பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாமா, மரகதம் இல்லாம எனக்கு வாழ்க்கையே இல்ல மாமா! அவளை நான் கண்ணுல வச்சுக் காப்பாத்துவேன். அவ திட்டினா கேட்டுக்கிடுவேன். உங்க ஆலையில மூட்டை தூக்கச் சொன்னாலும் தூக்குதேன். எனக்குக் கட்டிக் குடுத்துருங்க மாமா!"

மறுபக்கம் சொரிமுத்து மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "தை மாசம் வச்சுக்கிடுவோம் மாப்பிள" என்றார்.

பின்னால் நின்றவர்களில் நான்கு பேர் சேர்ந்து அவனைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"ஏல, சந்தோசமா இருக்கியா?" என்று கட்டிக்கொண்டார் கோமதிநாயகம்.

"ஆமா" என்றான் ஆவுடையப்பன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மூவரும் வழியெல்லாம் ஆலோசனை செய்தார்கள். பூதத்தான்தான் கண்டுபிடித்தான். "பேச்சு வயித்துக்குள்ளதான் கெடக்கு அண்ணாச்சி. குடத்தைக் கவுத்தாத்தானே தண்ணி வரும்?"

அதனால் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையைச் சொரிமுத்து வீட்டு உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். கணீரென்று பேசினான். சொரிமுத்துவும் சுண்டைக்குறிச்சிக்காரர்தானே? மாப்பிள்ளையோடு முகத்துக்கு முகம் பேசுவதுதான் மரியாதை என்று தானும் பக்கத்தில் தொங்கினார். மரகதவல்லி, "அவர் எப்படியோ நானும் அப்படித்தான்" என்று சேலையைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கல்யாணத்தன்று மணவறையிலேயே தொங்கினாள். சொந்தபந்தம் விட்டுக்கொடுக்குமா? போட்டோக்காரர் உள்பட எல்லோரும் தொங்கினார்கள்.

அந்தக் கல்யாணப் போட்டோ இன்றைக்கும் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் நேராக, சிரித்த முகமாக இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த நாதஸ்வரக்காரர் மட்டும்தான் தலைகீழாக நிற்கிறார். பாவம், நல்ல மனுஷன், அவருக்கு என்ன கோளாறோ என்று ஊரே இரக்கப்படுகிறது.