இடக்கை முடிச்சு

“பதினோரு வருஷமாக வாசிக்கிறேன். ஆறு தடவை அட்டைக்கு அட்டை முடித்தாயிற்று. என்னை என்ன செய்தது இந்தப் புத்தகம்?”

இன்னாசி கேட்டது கேள்வி இல்லை, சண்டை.

உபதேசியார் கித்தேரியான் தன் வீட்டுக் கூடத்தில் எதிரே உட்கார்ந்திருந்தார். இன்னாசியைவிடப் பதினைந்து வயது இளையவர். இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. தியானப் புத்தகம் அவருடையது, வாசிப்பது ஊர். மனசில் பாரம் உள்ளவர்கள் வந்து அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கடற்கரையில் உபதேசம் என்றால் அவ்வளவுதான்.

வெளியே துக்க மணி விழுந்தது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

வாசலில் குழிவெட்டும் சந்தியாகு கடப்பாரையோடு நின்றார். இன்னாசியின் தம்பி கஸ்பாருடைய மனைவி விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டாள். நாலு மணிக்கு அடக்கம். குடும்பக் கல்லறையின் கல்லைப் பெயர்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு மூத்தவன் தன் வாயால் சொல்ல வேண்டும். ஊர் வழக்கம் அது.

மூத்தவர் இன்னாசி. மூன்றே கால் ஆகியும் சொல்லவில்லை.

மீன் ஏலம் விட்டே ஆளான மனுஷன். இங்கேயும் பேரம் பேசினார். பொது இடத்தில் குழி வெட்டட்டும், சிலுவை நான் நட்டுத் தருகிறேன் என்றார். பளிங்குச் சிலுவையே தருகிறேன் என்று ஒரு படி ஏறினார். பந்தலும் பூவும் என் பொறுப்பு என்று இன்னொரு படி. அந்தக் கல்லறை மட்டும் கிடையாது. அதில் அம்மா இருக்கிறாள். அம்மாவை இரண்டு நாள் மூடாமல் வைத்துக் காத்திருந்தும் கஸ்பார் வரவில்லை. நடுக்கடலில் இருந்தானாம். மூன்றாம் நாள் கரையேறி, எனக்காக இன்னும் ஒரு நாள் பொறுக்கக் கூடாதா என்று அண்ணன் சட்டையைப் பிடித்தான். அன்றோடு பேச்சு அறுந்தது. பதினோரு வருஷம்.

“சொல்லும். என் பக்கம் தப்பு உண்டா?”

“இன்றைக்கு வெள்ளிக்கிழமை. உங்கள் முறை,” என்றார் உபதேசியார். “வாசியுங்கள் அண்ணே.”

“பிணத்தை வைத்துக்கொண்டா?”

“பிறகு எப்போது?”

இன்னாசி பிடுங்காத குறையாகப் புத்தகத்தை எடுத்தார்.

அதன் முதல் தாள் எப்போதோ போய்விட்டது. எழுதியவர் பேர் யாருக்கும் தெரியாது. நிறுத்திய இடத்தில் அவரவர் வலை நூலில் ஒரு துண்டு வைப்பார்கள். ஆள் செத்த பிறகும் அந்த நூலை எடுப்பதில்லை. பாட்டன் காலத்துப் பருத்தி நூல் பழுப்பேறிக் கிடந்தது. போன வாரத்து நைலான் மினுங்கியது. நூல்களால் உப்பி, புத்தகம் இரண்டு மடங்கு தடித்திருந்தது.

தன் நீல நூலில் பிரித்து வாசித்தார். ஏலக் குரல், ஏல வேகம். தாளைப் புரட்டினார்.

“இரண்டு தாள்,” என்றார் உபதேசியார்.

“என்னது?”

“ஒரு தாளுக்கு ஒரு சத்தம். இரண்டு சேர்ந்து புரண்டால் வேறு சத்தம். அந்த இடத்தில் எப்போதும் இரண்டாகத்தான் புரட்டுகிறீர்கள். ஆறு தடவையும்.”

இன்னாசிக்குக் காது மடல் சுட்டது.

“தெரிந்துகொண்டா இத்தனை வருஷம் சும்மா இருந்தீர்?”

“என்ன செய்தது என்று இன்றைக்குத்தானே கேட்டீர்கள்.”

மணி விழுந்தது. வாசலிலிருந்து சந்தியாகு, பங்குச் சாமியார் கோயிலை விட்டுக் கிளம்பிவிட்டார் என்றும், ஆம், இல்லை எதுவானாலும் ஒரு வார்த்தை வேண்டும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நில்லும்.”

இன்னாசி ஒரு தாளைப் பின்னால் தள்ளினார். தாண்டிப்போன பக்கம் விரிந்தது. வாசித்தார். இந்த முறை வேகம் இல்லை.

“‘மகனே, உள்ளே விளக்கேற்றி என்னைத் தேடுகிறாய். வாசலில் ஒருவனை நிறுத்திவைத்திருக்கிறாய். நான் இருக்கும் இடம்…’”

அடுத்த சொல் வரவில்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது. அதே வரியின் மேல் ஒரு கறுப்பு நூல். நுனியில் முடிச்சு.

வலை முடிச்சு. ஆனால் கண்ணி எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது. அப்பா அந்த முடிச்சை இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில்தான் சொல்லிக்கொடுத்தார். ஒருத்தனுக்கு மட்டும் தலைகீழாக விழுந்தது. அவன் இடக்கைக்காரன்.

இன்னாசி அதைத் தொட்டார். கையை எடுத்தார். மறுபடியும் தொட்டார்.

“கஸ்பார் இங்கே வருகிறானா?”

“வியாழக்கிழமை.”

“எத்தனை நாளாக?”

“நீங்கள் வருகிற அதே பதினோரு வருஷமாக.”

“எத்தனை தடவை முடித்தான்?”

“ஒரு தடவையும் முடிக்கவில்லை. அந்த வரி வரை வருவான். நிறுத்துவான். அடுத்த வாரம் மறுபடி முதல் பக்கம்.”

வெளியே பாடை நெருங்கும் செபச் சத்தம் கேட்டது.

இன்னாசி அந்த இடத்தில் கட்டைவிரலைக் கொடுத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். சந்தியாகு வழிவிட்டார்.

“கல்லைப் பெயரும்.”

உபதேசியார் கையை நீட்டினார். “அண்ணே, புத்தகம்?”

“அரை வரி பாக்கி இருக்கிறது,” என்றார் இன்னாசி. “அவனை வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும்.”