தாமதமே இல்லாத கல்விச்சாலை

பிள்ளைகளே, கேளுங்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களும், பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களும் இன்னும் சற்று அருகில் வந்து கேளுங்கள். இந்தக் கதை உங்களையும் பற்றியது.

மிகப் பழைய நாளில், நெட்டாறு என்னும் ஆற்றின் தென்கரையில் ஒரு கல்விச்சாலை இருந்தது. இலக்கணம், கணிதம், மருத்துவம் என்ற மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. மாணவர் இருநூறு பேர். அவர்களில் நாற்பது பேர் வடகரைப் பிள்ளைகள். காலையில் ஆற்று மணலைக் கடந்து வருவார்கள். மாலையில் அதே மணலைக் கடந்து வீடு திரும்புவார்கள்.

பகலில் அந்த ஆற்றில் நீர் இராது. மேற்கே ஓர் அணை இருந்தது. சூரியன் எழுந்து மறையும் வரை முப்பது நாழிகை அல்லவா? அதில் இருபத்தெட்டாம் நாழிகையில் அணையின் மதகைத் திறப்பார்கள். அடுத்த அரை நாழிகையில் நீர் கல்விச்சாலையைத் தொட்டுவிடும். இரவெல்லாம் வயல்களுக்குப் பாய்ந்து, விடிவதற்குள் வடிந்துவிடும்.

ஆகவே பிள்ளைகளை எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்பது அங்கே விளையாட்டான செய்தி அன்று. கல்விச்சாலையின் முற்றத்தில் ஒரு செப்புத் தொட்டி. அதில் மிதக்கும், அடியில் ஊசித்துளை இட்ட ஒரு சிறு கிண்ணம்; அதை வட்டில் என்பார்கள். துளை வழியே நீர் ஏறி, நாழிகைக்கு ஒரு முறை வட்டில் மூழ்கும். விடிந்தது முதல் ஐந்து முறை மூழ்கினால் காலை மணி. இருபத்தைந்து முறை மூழ்கினால் மாலை மணி. பிள்ளைகள் மணலைக் கடக்க அரை நாழிகை போதும். அதன் பிறகும் மூன்று நாழிகை கழித்துத்தான் நீர் வரும்.

வட்டிலைக் காத்து மணி அடிப்பவள் கொற்றி என்ற பெண். நாற்பது வயது, கூர்மையான கண், அதைவிடக் கூர்மையான வாய்.

அந்த நாட்டை ஆண்ட அதியரையன் ஒரு நாள் ஆணை பிறப்பித்தான். "ஒவ்வொரு கல்விச்சாலையும் தாமதமாக வந்தவர்களின் பெயரை ஓலையில் எழுதி மாதந்தோறும் அனுப்புக. ஓராண்டு முழுவதும் எந்தச் சாலை வெற்றோலை அனுப்புகிறதோ, அந்தச் சாலைக்கு வெண்குடை வழங்கப்படும்."

அன்று முதல் தலைமை ஆசான் மருதவாணருக்கு உறக்கம் போயிற்று. அவர் கெட்டவர் அல்லர். ஆயினும் வெண்குடை வேறு சாலைக்குப் போய்விடுமோ என்ற கவலை அவர் நெஞ்சில் ஏறி அமர்ந்துகொண்டது. காலைதோறும் வாயிலில் நின்று தெருவைப் பார்ப்பார், வட்டிலைப் பார்ப்பார், மறுபடி தெருவைப் பார்ப்பார்.

முதலில் தாமதமாக வந்தவர் இலக்கண ஆசிரியர் மதிசூடனார்.

"கொற்றி, மதிசூடனாரை இன்னும் காணோமே" என்றார் மருதவாணர்.

"வணிகர் தெருவில் இருப்பார் ஐயா. விடியலில் அங்கே தனிப்பாடம். பாடம் முடிந்தால் பாற்சோறு போடுகிறார்களாம். இங்கே வந்தால் பச்சைத் தண்ணீர்தானே."

"அவரைக் கண்டித்தால் கோபித்துக்கொண்டு வேறு சாலைக்குப் போய்விடுவார். பெயரை எழுதினால் குடை போய்விடும்." மருதவாணர் குரலைத் தாழ்த்தினார். "வட்டிலின் துளையில் துளி மெழுகு வை. சற்று மெதுவாக நிறையட்டும்."

"வைப்பது எளிது ஐயா. காலை மணிக்குள் ஐந்தில் ஒரு பங்கு நாழிகை உங்களுக்கு மிச்சமாகும். ஆனால் மாலை வரைக்கும் அதே துளைதானே? இருபத்தைந்தாம் முறை மூழ்கும்போது ஒரு முழு நாழிகை பிந்தியிருக்கும்."

"பாடம் ஒரு நாழிகை கூடினால் யாருக்கு நட்டம்?" என்றார் அவர்.

கொற்றி மெழுகு வைத்தாள். மதிசூடனார் நுழைந்தார், மணி அடித்தது. அவர் தாமதமாகவில்லை. அந்த மாதம் வெற்றோலை போயிற்று.

இரண்டாவதாகத் தாமதித்தவர்கள் மாணவர்கள். ஊர்த்தலைவர் மகன் காடவனும் அவன் தோழர்களும் சேவற்சண்டை பார்த்துவிட்டு அசைந்து அசைந்து வந்தார்கள்.

"ஊர்த்தலைவர் மகன் பெயரையா ஓலையில் எழுதுவது? இன்னொரு துளி வை" என்றார் மருதவாணர்.

கொற்றி வைத்தாள். காடவன் வாயில் தாண்டும்போது மணி அடித்தது. அவன் தோழர்களைப் பார்த்துச் சிரித்தான்.

"பார்த்தீர்களா? கொற்றியக்கா மணியை நம்மிடம் கேட்டுத்தான் அடிக்கிறார்."

"சிரி, தம்பி, சிரி" என்றாள் கொற்றி. "நீ இக்கரையில் இருப்பவன். உனக்குச் சிரிப்பு வரும்."

இதையும் கேளுங்கள். மணி பிந்தப் பிந்த, வருபவர்களும் பிந்தினார்கள். கணித ஆசிரியர் வீட்டில் இரண்டாம் முறை வெற்றிலை போட்டார். மருத்துவ ஆசிரியர் வழியில் இரண்டு வீடுகளில் நலம் விசாரித்தார். மாணவர்கள் பாதிப் பாடத்தைத் தெருவிலேயே மறந்துவிட்டு வந்தார்கள். ஓலை மட்டும் வெறுமையாகவே இருந்தது. ஊரார் அதைத் தாமதமே இல்லாத கல்விச்சாலை என்று புகழ்ந்தார்கள்.

வடகரையிலிருந்து ஒரு தாய் மட்டும் வந்து நின்றாள். "ஐயா, முன்பெல்லாம் என் மகள் சேந்தி வீட்டுக்கு வந்து, சோறு உண்டு, பாடமும் படித்த பிறகுதான் ஆற்றில் நீர் வரும். இப்போது அவள் வாசற்படி ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே நீரோசை கேட்கிறது. உங்கள் மணி பிந்தி அடிக்கிறதோ?"

"எங்கள் வட்டில் பொய் சொல்லாது அம்மா" என்றார் மருதவாணர். சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பாராமல் உள்ளே போய்விட்டார்.

ஆண்டு முடிந்தது. ஐப்பசி பிறந்தது. மழை இல்லை, ஆனால் மூன்று நாளாக வானம் மூடிக் கிடந்தது. நிழல் விழவில்லை. அரசனின் ஆணைகளை எழுதும் பெரிய அதிகாரியாகிய ஓலைநாயகம், வெண்குடையோடு வருகிறார் என்று செய்தி வந்தது.

அன்று விடியற்காலையில் மருதவாணர் முற்றத்துக்கு ஓடி வந்தார்.

"கொற்றி, நான் ஊர் எல்லைக்குப் போய் அதிகாரியை அழைத்து வர வேண்டும். வாழைமரம் இன்னும் கட்டவில்லை. மேளக்காரர் வந்து சேரவில்லை. காலை மணிக்குள் திரும்ப முடியாது. இன்று தாமதமாகப் போகிறவன் நான்தான். மூன்றாம் துளியையும் வைத்துவிடு."

"ஐயா, மூன்றாம் துளி வைத்தால் நம் மாலை மணி அடிக்கும்போதே அணையின் மதகும் திறக்கும். வெயில் இருந்தாலாவது பிள்ளைகள் சூரியனைப் பார்த்து விழித்துக்கொள்வார்கள். இன்று அவர்களுக்கு இந்த மணியை விட்டால் வேறு கதி இல்லை."

"இன்று ஒரு நாள்தானே? நாளைக்கு எல்லா மெழுகையும் சுரண்டி எறிந்துவிடலாம். மாலையில் நானே நினைவு வைத்துப் பிள்ளைகளை முன்னதாக அனுப்புகிறேன்."

கொற்றி வைத்தாள். அவள் கையும் குற்றமற்ற கை அன்று, பிள்ளைகளே. மூன்று முறையும் வைத்தது அந்தக் கைதான். ஆனால் அன்று பகல் முழுவதும் அவள் வட்டிலை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு முறை வட்டில் மூழ்கும்போதும், உண்மையில் என்ன நாழிகை என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தாள்.

மாலையில் பெருங்கூடத்தில் விழா நடந்தது. இருநூறு மாணவரும் அசையாமல் அமர்ந்திருந்தார்கள். ஓலைநாயகம் வெற்றோலை பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பேசினார். பேச்சு நீண்டது. இருபத்துநான்காம் முறை வட்டில் மூழ்கியது. உண்மையில் அப்போது இருபத்தேழு நாழிகை.

கொற்றி கூடத்துக்குள் போய் மருதவாணர் காதருகே குனிந்தாள். "ஐயா, பிள்ளைகளை அனுப்புங்கள்."

"பேச்சு முடியட்டும்."

"ஒரு நாழிகையில் மதகைத் திறந்துவிடுவார்கள் ஐயா."

"பொறு. குடையை வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுந்தால் ஏன் என்று கேட்பார். நான் என்ன பதில் சொல்வது?"

அவள் திரும்பி வந்து மணியின் கீழ் நின்றாள். வட்டில் கால் பங்கு நிறைந்தது. பாதி நிறைந்தது. மேற்கே பார்த்தாள், வானம் சாம்பலாய்க் கிடந்தது. காது கொடுத்துக் கேட்டாள், நீரோசை இல்லை. இன்னும் இல்லை.

பிறகு அவள் மணியை அடித்துவிட்டாள்.

கூடத்தில் மாணவர்கள் எழுந்தார்கள். ஓலைநாயகம் பேச்சை நிறுத்தினார். நாழிகைக் கணக்கு நன்கு அறிந்த மனிதர் அவர். நேரே முற்றத்துக்கு நடந்து வட்டிலைப் பார்த்தார். அது பாதி நிறைந்து மிதந்துகொண்டிருந்தது.

"வட்டில் மூழ்கவில்லை. மணி அடித்தது யார்?"

"நான்தான். எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள் ஐயா, வடகரைப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு."

"பொய் மணிக்கு யாரும் எழ வேண்டாம்" என்றார் அதிகாரி, கூடத்துக்குத் திரும்பி வந்து. மாணவர்கள் மீண்டும் அமர்ந்தார்கள். நாற்பது வடகரைப் பிள்ளைகளும் அமர்ந்தார்கள்; நேரத்துக்குக் கீழ்ப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தச் சாலைதானே?

ஓலைநாயகம் தலைமை ஆசானை நோக்கினார். "வட்டில் பொய்யா, மணி பொய்யா?"

மருதவாணர் மதிசூடனாரைப் பார்த்தார். அவர் தலை குனிந்தார். காடவனைப் பார்த்தார், அவனும் தலை குனிந்தான். எதிரே வெண்குடை விரிந்திருந்தது. மணி பொய் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கொற்றி போவாள், குடை நிற்கும். அவர் குடையையே பார்த்து நின்றார். அந்த இடைவெளியில் எவ்வளவு நேரம் போயிற்று என்று அளந்து சொல்ல அந்த ஊரில் ஒரு நல்ல வட்டில்கூட இல்லை.

முன்வரிசையில் ஒரு சிறுமி ஓலைச் சுவடிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்திருந்தாள். சேந்தி. அவர் என்ன சொன்னாலும் அவள் நம்புவாள் என்பது அந்தக் கண்ணில் தெரிந்தது.

"வட்டில்தான் பொய்" என்றார் மருதவாணர். "அதைப் பொய்யாக்கியவன் நான். பிள்ளைகளே, ஓடுங்கள். ஆற்றைக் கடந்து ஓடுங்கள்."

நாற்பது பேரும் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் காடவன் ஓடினான். அவன் தோழர்களும் ஓடினார்கள். மதிசூடனார் மேலாடை நழுவியதும் தெரியாமல் ஓடி, சிறுவர் இருவரை இரு கையிலும் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கினார்.

நடு மணலில் இருக்கும்போது மேற்கே அந்த ஓசை கேட்டது. முதலில் காற்றுப்போல, பிறகு நூறு வண்டிகள் உருள்வதுபோல. முன்னே ஓடியவர்கள் கரையேறினார்கள். பின்னே வந்தவர்களின் கணுக்காலை நீர் தொட்டது, முழங்காலைத் தொட்டது. சேந்தி விழுந்தாள்.

தென்கரையில் நின்ற மருதவாணர் எதிர்க்கரையில் ஏறிய வடகரைப் பிள்ளைகளை எண்ணினார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினார், முப்பத்தொன்பதுதான். நீர் கரைக்குக் கரை விரிந்தது. அவர் மூன்றாம் முறை எண்ணத் தொடங்கினார்.

வெகு கீழே, வளைவில், காடவன் ஒரு நாணல் புதரைப் பற்றிக்கொண்டு நீரிலிருந்து எழுந்தான். அவன் தோளில் சேந்தி கிடந்தாள், இருமினாள். உயிர் இருந்தது. மூன்றாண்டுகள் அவள் தன் கையால் எழுதிய சுவடிகள் மட்டும் ஆற்றோடு போய்விட்டன.

ஓலைநாயகம் வெண்குடையை மடக்கி உறையில் இட்டார். "இது திரும்பிப் போகிறது" என்றார். "உம்மைப் போகச் சொல்ல மாட்டேன், மருதவாணரே. நாளைக் காலை சரியான வட்டிலில் சரியான மணி அடியும். ஓலையில் உண்மையை எழுதும். கொற்றியும் இங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் சரியான நேரத்தில் மணி அடித்தது. அப்போது கல்விச்சாலைக்குள் இருந்தவர்கள் மருதவாணர், கொற்றி, சேந்தி ஆகிய மூவர் மட்டுமே. மருதவாணர் எழுத்தாணியோடு வாயிலில் நின்றார். முதலில், முந்தைய நாள் தாமதித்த தம் பெயரை எழுதினார். பிறகு ஆசிரியர் பெயர்களை எழுதினார். பிறகு ஊர்த்தலைவர் மகன் பெயரை எழுதினார்.

"என் தந்தை கேட்டால்?" என்றான் காடவன்.

"நேற்று நீ செய்ததையும் சொல்வேன், இன்று நீ பிந்தியதையும் சொல்வேன். இரண்டும் உண்மைதானே, தம்பி?"

மதிசூடனார் வணிகர் தெருவுக்குப் போவதை நிறுத்தினார். விடியலில் கல்விச்சாலைக்கு வந்து, சேந்திக்குத் தொலைந்த பாடங்களை முதலிலிருந்து சொன்னார். அவள் எழுதினாள். எழுதி முடிக்க ஓர் ஆண்டு ஆயிற்று.

வெள்ளம் வந்த அந்த ஐப்பசி மாத ஓலை அரசவைக்குப் போனபோது, அதில் நூற்றிருபது பெயர்கள் இருந்தன. அதைப் படித்த அவையினர் சிரித்தார்கள்.

"எங்கள் ஊர்ச் சாலை இம்மாதமும் வெற்றோலைதான் அனுப்பியிருக்கிறது" என்றார் ஓர் அமைச்சர், பெருமையோடு. "எங்கள் ஊரிலும் அப்படியே" என்றார் இன்னொருவர்.

அரசன் சிரிக்கவில்லை. அந்த நீண்ட ஓலையை மறுபடி படித்தான். வெண்குடை தருவேன் என்று சொன்ன தன் வாயை நினைத்து அஞ்சினான்.

"அந்தச் சாலைக்கு ஆள் அனுப்ப வேண்டாம்" என்றான். "வெற்றோலை அனுப்பிய சாலைகளுக்கெல்லாம் இப்போதே புறப்படுங்கள். அங்கே பிள்ளைகள் எந்த ஆற்றைக் கடந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று பாருங்கள்."

ஆகவே, கற்பிப்போரே, கற்போரே, கல்விச்சாலை நடத்துவோரே, மனத்தில் வையுங்கள்: குறையை மறைத்துப் பெயர் வாங்கும் கல்விச்சாலை தன் பிள்ளைகளையே பணயம் வைக்கிறது, குறையைத் தன் பெயரிலிருந்து தொடங்கி எழுதித் திருத்திக்கொள்ளும் கல்விச்சாலையே அவர்களைக் கரை சேர்க்கிறது.