"ஆம், மன்னா" பந்தயம்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னனுக்குப் பந்தயப் பித்து தலைக்கேறியது. தான் ஆடினால் மட்டும் போதாது, குடிகள் எல்லோரும் ஆடியே தீரவேண்டும் என்று ஆணையிட்டான்.

பந்தயத்தை நடத்தியவர் கருவூல அதிகாரி விருத்தகிரி. பௌர்ணமியன்று ஆற்றுவெள்ளம் படித்துறையில் கீழிருந்து எத்தனையாவது படியைத் தொடும்? அவர் இரண்டு எண் சொல்வார்: பத்து, பன்னிரண்டு. கூடும் என்பவனுக்குக் கணக்கு பன்னிரண்டிலிருந்து. குறையும் என்பவனுக்குப் பத்திலிருந்து. அந்த எண்ணிலிருந்து விலகும் ஒவ்வொரு படிக்கும் ஒரு வயல்: சொன்னது பலித்தால் வரவு, பொய்த்தால் இழப்பு.

முதல் மாதம் வெள்ளம் பதினொன்றில் நின்றது. கூடும் என்றவனும் தோற்றான், குறையும் என்றவனும் தோற்றான். நடுவில் இருந்த இடைவெளி விருத்தகிரிக்கு வயலாக விளைந்தது. அடுத்த மாதம் வெள்ளம் ஏழோடு நின்றுவிட, கூடும் என்ற வேலாத்தாள் தன் ஐந்து வயல்களையும் இழந்து சபை வாசலில் வந்து அழுதாள்.

விகடகவி கொன்றையப்பன் எழுந்தான். "மன்னா, நான் இந்தப் பந்தயம் ஆடமாட்டேன்."

"ஆடாதவனுக்கு நாட்டில் இடமில்லை!" என்றான் மன்னன். விருத்தகிரி மீசைக்குள் சிரித்தார்.

"அப்படியானால் எதன்மேல் ஆடுவது என்பதை நான் சொல்கிறேன். ஆற்றின்மேல்தான் ஆடவேண்டும் என்று ஆணையில் எழுதவில்லையே? இன்று உச்சிவேளை முரசு கொட்டுவதற்குள் விருத்தகிரி எத்தனை முறை 'ஆம், மன்னா' என்பார்? எண்களை அவரே சொல்லட்டும்."

தன் வாய் தன்னிடம்தானே இருக்கிறது என்று எண்ணிய விருத்தகிரி, "இரண்டு, நான்கு" என்றார்.

"கூடும் என்கிறேன். நான்குக்குமேல் ஒவ்வொன்றுக்கும் நீர் ஒரு வயல் தரவேண்டும். குறைந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓராண்டு உமக்கு அடிமை வேலை செய்கிறேன்."

விருத்தகிரி உதடுகளை இறுக மூடிக்கொண்டார். கொன்றையப்பன் மன்னனிடம் திரும்பினான். "தாங்கள் நீதிமானா என்று அவரைக் கேளுங்கள், பிரபு."

மன்னன் கேட்டான். பதில் இல்லை. மன்னனின் புருவம் நெறிந்தது.

"ஆம், மன்னா!" என்று அலறினார் விருத்தகிரி.

"நான் வீரன்தானே?"

"ஆம், மன்னா!"

மன்னனுக்கு ருசி கண்டுவிட்டது. அழகு, அறிவு, பாட்டு, வாள்வீச்சு என்று கேட்டுக்கொண்டே போனான். நான்கு எப்போதோ கடந்து போயிற்று. விருத்தகிரி கொன்றையப்பனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"போதும், நிறுத்தச் சொல்லுங்கள்!"

"வேலாத்தாள் கெஞ்சியபோது நீர் நிறுத்தினீரா? எல்லை வைக்காமல் ஆடவைத்தவர் நீர்தானே?" என்றான் கொன்றையப்பன்.

"அவன் கேட்பது நியாயம்தானே?" என்றான் மன்னன்.

"ஆம், மன்னா..."

முரசு கொட்டியபோது, பிடுங்கிய வயல்கள் அத்தனையும் விருத்தகிரியின் கையைவிட்டுப் போயிருந்தன. "எல்லாம் உரியவர்களுக்கே போகட்டும்" என்றான் கொன்றையப்பன்.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"கட்டாயப் பந்தய ஆணையைக் கிழித்துப் போடுங்கள்."

மன்னன் தயங்கினான். வழக்கம்போல விருத்தகிரியைப் பார்த்து, "கிழித்துவிடலாமா?" என்றான்.

"ஆம், மன்னா!" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தபடியே ஆணையைக் கிழித்து, தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கொன்றையப்பனுக்குப் போர்த்தினான்.