பின்னாலிருந்து கூப்பிட்ட கரிச்சான்

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களும் பேசின. சும்மா இல்லை, ஓயாமல் பேசின. நத்தைகூடப் பேசும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மத்தியானம் ஆகிவிடும் என்பதால் யாரும் அதனிடம் சௌக்கியம் விசாரிப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்போது கரிச்சான் குருவிக்கு வால் குட்டை. தேவாங்குக்குக் கண் சின்னது, இரண்டு மிளகை ஒட்டி வைத்தது போல இருக்கும். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணிப்பள்ளம் என்று ஒரு காடு. சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம். கிழக்கே நின்ற நெட்டைமுடிதான் எல்லா மலையிலும் உயரம். அதைத் தாண்டிச் சூரியன் எட்டிப் பார்ப்பதற்குள் பாதிக் காலை போய்விடும். பள்ளத்துக்காரர்கள் பார்த்ததெல்லாம் உச்சிக்கு வந்து வெளுத்துப்போன சூரியனைத்தான். "பொறக்கும்போது அது செக்கச்செவேல்னு பழம் மாதிரி இருக்கும்" என்று ஒரு வரையாடு சொல்லிவிட்டுப் போயிருந்தது. யாரும் நம்பவில்லை, சின்னக்கண்ணுவைத் தவிர.

சின்னக்கண்ணு ஒரு தேவாங்குப் பெண். தேவாங்குகளில் அப்போது பகல் தேவாங்கு, இரவுத் தேவாங்கு என்று இரண்டு குடும்பம் உண்டு. இவள் பகல் குடும்பம். இவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளையோ இரவுக் குடும்பம். பகலெல்லாம் தூங்கி, இருட்டியதும் பல் விளக்குகிற ஆட்கள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. அவர்கள் வீட்டு நேரம்தான் பிடிக்கவில்லை.

"அமாவாசைக்குக் கல்யாணம். அப்புறம் எனக்குப் பகல்தான் ராத்திரி," என்றாள் சின்னக்கண்ணு. "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சூரியன் பொறக்குறதைப் பாத்துடணும். நெட்டைமுடிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அமாவாசைக்கு நான்கே நாள் இருந்தது. அத்திமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். கூட்டம் என்றால் மூன்று பேர்: சின்னக்கண்ணு, கரடி மாமா, மலையணில்.

மலையணில்தான் திட்டக்காரன். வாலால் மண்ணைக் கூட்டிவிட்டு நகத்தால் கோடு போட்டது. "இது பள்ளம். இது முடி. காட்டுச்சேவலோட முதல் கூவலுக்குக் கெளம்புறோம். ரெண்டாம் கூவலுக்குப் பாதி மலை. மூணாம் கூவலுக்கு உச்சி. சின்னக்கண்ணு நடந்தா அடுத்த அமாவாசைதான் வரும். அதனால அவ மாமா முதுகுல."

"சாப்பாடு?" என்றார் கரடி மாமா.

"விடியறதைப் பாக்கப் போறோம் மாமா. விருந்துக்குப் போகல."

"விடியறதைப் பாத்தா பசிக்காதா? ஒரு பலாப்பழம், ரெண்டு தேனடை. வேற ஒண்ணும் வேண்டாம், எளிமையாப் போவோம்."

மேலே கிளையிலிருந்து ஒரு குரல். "எளிமையாப் போவோம்!" அச்சு அசல் கரடி மாமா குரல். மாமாவே தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கரிச்சான்தான் அது. பள்ளத்தில் அவன் பேசாத குரல் கிடையாது; தன் சொந்தக் குரலைத்தான் யாருக்கும் காட்டியதில்லை. மயில் மாதிரி அகவுவான், மந்தி மாதிரி உறுமுவான். "நானும் வரட்டா?" என்று மந்தி குரலில் கேட்டான்.

"வேண்டாம் சாமி," என்றது அணில். "போன தடவை தேனெடுக்கப் போனப்ப மாமா காதுகிட்ட வந்து 'ங்ஙொய்ய்ய்'னு தேனீ மாதிரி கத்தினது யாரு? மாமா ஓடையில குதிச்சு மூணு நாள் தும்மினாரு."

"நாலு நாள்," என்றார் மாமா.

"சரி, வரல," என்றான் கரிச்சான். ரொம்ப சமர்த்தாகச் சொன்னான். அப்போதே அவர்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பள்ளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் புறப்பட்டுக் காலடி எடுத்து வைத்த பிறகு, பின்னாலிருந்து யாராவது "எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் உருப்படாது. திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். கரடி மாமா இதில் கறார்.

முதல் நாள். சேவல் கூவியது. மூட்டை முடிச்சோடு பத்தடி நடந்திருப்பார்கள். புதருக்குள்ளிருந்து காட்டுப்பன்றி அத்தையின் கட்டைக்குரல்: "ஏ கரடி! இந்நேரத்துக்கு எங்க போறீங்க?"

"கேட்டுட்டா," என்றார் மாமா. "உக்காருங்க. தண்ணி குடிங்க."

குடித்தார்கள். கிளம்பினார்கள். இருபதடி போனதும் மயிலின் குரல்: "எங்க போறீங்கோவ்?" உட்கார்ந்தார்கள், குடித்தார்கள். அடுத்து மந்தி கேட்டது. அதற்கடுத்து முள்ளம்பன்றி, மூக்கடைத்த குரலில். மாமாவுக்கு ஒரு வாய் என்றால் அரைக் குட்டை. ஐந்தாவது தண்ணீருக்கு அவர் வயிறு 'களக் மொளக்' என்று ஆட ஆரம்பித்தது. அதற்குள் வெள்ளைச் சூரியன் மலைக்கு மேலே வந்து நின்றது.

இரண்டாம் நாள் சத்தம் போடாமல் ஓடை வழியாகப் போனார்கள். ஓடையில் தவளைகள் எல்லாம் சேர்ந்து கேட்டன: "எங்க? எங்க? எங்க?"

"இது எத்தனை கேள்வின்னு கணக்கு?" என்று அணில் முனகியது.

"மூணு," என்றார் மாமா, குனிந்து மூன்று வாய் குடித்தார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அணில் வீடு வீடாகப் போய், "நாங்க நெட்டைமுடிக்குப் போறோம், நெட்டைமுடிக்குப் போறோம், காலையில யாரும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். மூன்றாம் நாள் கிளம்பினால், முதல் வளைவிலேயே பன்றி அத்தையின் குரல்: "எங்க போறீங்க?"

மாமா உட்காரப் போனார். அணில் அவர் கையைப் பிடித்தது. எதிரே சேற்றில், வாயைப் பிளந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள் பன்றி அத்தை. குரல் மட்டும் மரத்துக்கு மேலே இருந்து வந்தது.

"அடப்பாவி!" அணில் ஒரே தாவில் மரமேறியது. கரிச்சான் சிரித்த சிரிப்பில் கிளையே குலுங்கியது. "மூணு நாளா நீதானா? தவளையுமா?" என்றது அணில்.

"தவளைதான் கஷ்டம். முப்பது குரல்ல மாத்தி மாத்திக் கத்தணும்."

இந்தச் சண்டையில் மூன்றாம் கூவலும் கேட்டுவிட்டது. சின்னக்கண்ணு திட்டவில்லை. மாமா முதுகிலிருந்து மெதுவாக இறங்கினாள். இலையில் மடித்து வைத்திருந்த அத்திப்பழத்தைப் பிரித்தாள். "இதை உச்சியில வச்சு சூரியனோட பக்கத்துல பாக்கலாம்னு வச்சிருந்தேன். எது செவப்புன்னு," என்றாள். பிறகு மேலே பார்த்துக் கேட்டாள்: "ஏ கரிச்சான், எல்லார் குரலும் பேசுறியே. சூரியன் பொறக்கும்போது எப்படிச் சத்தம் போடும்?"

கரிச்சான் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவனும் பார்த்ததில்லையே!

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று அணில் புதுத் திட்டம் போட்டது. "காதுல பாசியை அடைச்சுப்போம். ராத்திரியே அடைச்சுட்டுத் தூங்குவோம். யார் கேட்டாலும் நமக்குக் கேக்காது. கேக்காத கேள்விக்கு யாரு தண்ணி குடிப்பா?"

மாமா அசந்துபோய், "மூளைடா உனக்கு!" என்றார்.

மறுநாள் சேவல் முதல் தடவை கூவியது. பள்ளத்தில் ஒரு அசைவு இல்லை. இரண்டாம் தடவை கூவியது. அத்திமரத்தடியில் மூன்று பேரும் காது நிறையப் பாசியோடு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்காமலிருக்க அடைத்த காதில் சேவல் மட்டும் எப்படிக் கேட்கும்?

மேலே கிளையில் காத்திருந்த கரிச்சான் எட்டிப் பார்த்தான். "எழுந்திருங்க!" என்று மயில் குரலில் கத்தினான். யானை மாதிரி பிளிறிப் பார்த்தான். ம்ஹும். பறந்து இறங்கி, அலகால் சின்னக்கண்ணுவின் காதுப் பாசியைப் பிடுங்கினான். அணிலின் காதுப் பாசியைப் பிடுங்கி ஒரு கொத்தும் கொத்தினான். மாமாவின் பாசியைப் பிடுங்கியும் அவர் புரண்டுதான் படுத்தார். கரிச்சான் அவர் குரலிலேயே அவர் காதில் சொன்னான்: "தேனடையை எறும்பு தின்னுது."

மாமா எழுந்து நின்றார்.

"இது என்ன விளையாட்டு?" என்று அணில் சீறியது.

"விளையாட்டு இல்லண்ணே. ரெண்டாம் கூவல் ஆயிடுச்சு. ஓடுங்க!"

யார் குரல் இது என்று மூவரும் திகைத்தார்கள். கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் பயந்து. கரிச்சானின் சொந்தக் குரலை அவர்கள் கேட்பது அதுதான் முதல் தடவை. அதனாலேயே நம்பினார்கள்.

ஓடினார்கள். பத்தடிகூட ஆகவில்லை. இத்தனை கூச்சலில் நிஜமான பன்றி அத்தை நிஜமாகவே விழித்துவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள்: "எங்க..."

மாமாவின் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. சின்னக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு நொடியில் கரிச்சான், அத்தையின் அதே கட்டைக்குரலில், மீதியை முடித்தான்: "...வீட்டுக்கும் ஒரு நாள் வாங்க!"

எங்க வீட்டுக்கும் ஒரு நாள் வாங்க! மாமா யோசித்தார். "இது கேள்வி இல்ல. அழைப்பு. தண்ணி வேண்டாம். வர்றோம் மதினி!" என்று கத்திக்கொண்டே ஓடினார். 'நான் எப்போ கூப்பிட்டேன்?' என்று அத்தை தன் வாயையே பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

பாதி மலையில் மூன்றாம் கூவல் கேட்டது. வானம் சாம்பலாகிவிட்டது. மாமா ஒரு பாறையில் பொத்தென்று உட்கார்ந்தார். "முடியல... பலாப்பழம்... கனக்குது..."

"அதை ஏன் தூக்கிட்டு வந்தீங்க?" என்று அணில் தலையில் அடித்துக்கொண்டது.

கரிச்சான் சின்னக்கண்ணுவின் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "என் வாலைப் பிடி."

"பிஞ்சுடும்."

"வேற முளைக்கும். பிடி!"

வாலின் ஓரத்து இறகு இரண்டையும் கைக்கொன்றாக அவள் பிடித்தாள். தேவாங்குப் பிடி எப்பேர்ப்பட்டது தெரியுமா? மரமே சாய்ந்தாலும் விடாது. கரிச்சான் சிறகடித்தான். மேலே போகப் போக அவள் பாரத்தில் இறகு இரண்டும் நீண்டன. நீண்டுகொண்டே போயின. அவள் கைகள் மெல்ல வழுக்க வழுக்க, பிடித்த இடமெல்லாம் இறகு உரிந்து காம்பு மட்டும் கம்பியாக மிஞ்சியது. நுனிக்கு வந்தபோது அவள் இறுக்கிப் பிடித்துவிட்டாள். அங்கே மட்டும் இறகு தப்பித்தது, இரண்டு குட்டித் துடுப்பு மாதிரி. "ஆ, ஊ, ஐயோ, அம்மா" என்று கரிச்சான் பதினெட்டுக் குரலில் அலறினான். ஆனால் இறங்கவில்லை.

உச்சிப் பாறையில் அவளை வைத்தான். வைத்ததும், கிழக்கே யாரோ அடுப்பை ஊதியது போல ஒரு கோடு சிவந்தது.

பிறகு அது வந்தது. செக்கச்செவேலென்று, வரையாடு சொன்னது போலவே. கீழே சமவெளியில் இருந்த குளமெல்லாம் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. சின்னக்கண்ணு அத்திப்பழத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழம் தோற்றுப்போனது. அவள் மிளகுக் கண் விரிந்தது. இன்னும் விரிந்தது. முகத்தில் பாதி கண்ணாகிவிட்டது.

"போதும், சுருக்கிக்கோ," என்றான் கரிச்சான்.

"முடியலையே!" என்று அவள் சிரித்தாள். "சத்தம் கேட்டுதா உனக்கு?"

"சத்தமே போடலையே!" கரிச்சானுக்கு ஒரே வியப்பு. பேசிக்காட்ட முடியாத ஒன்றை அவன் அன்றுதான் பார்த்தான்.

அணிலும் மாமாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது சூரியன் நன்றாக மேலேறியிருந்தது. மாமா அண்ணாந்து பார்த்தார். "வெள்ளையாத்தானே இருக்கு? இதுக்கா இந்த ஓட்டம்?" என்று பலாப்பழத்தைப் பிளந்தார்.

அன்று ராத்திரி கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து அசந்துபோனான். "உன் பேரு சின்னக்கண்ணுன்னு சொன்னாங்க?"

"உள்ள சூரியன் இருக்கு," என்றாள் அவள். அவளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அதே கண். இன்றைக்கும் இருட்டில் தேவாங்கின் கண்ணில் வெளிச்சம் பட்டால் அது சிவப்பாக எரிவதைப் பார்க்கலாம். அந்தக் காலைச் சூரியன்தான் அது.

கரிச்சானுக்கு வேறு இறகு முளைக்கவே இல்லை. நீளக் கம்பியும் நுனித் துடுப்புமாக அந்த வாலை ஆட்டிக்கொண்டேதான் பறக்கிறான். அன்று முதல்தான் அவன் சேவலுக்கும் முன்னால் எழுந்து, யார் காதில் பாசி இருக்கிறதோ என்று மயில் குரல், அணில் குரல், மந்தி குரல் என எல்லாக் குரலிலும் காட்டை எழுப்புகிறான். எந்தக் குரலில் கூப்பிட்டாலும், "எங்க போறீங்க?" என்று மட்டும் கேட்பதே இல்லை.